புதுமனையில் கடல்மீன் தொட்டி: இல்லறத்தார் ஆராய வேண்டியவை



வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த நம் சமுதாயக் குடும்பம் ஒன்று, 2022ஆம் ஆண்டில் நகரின் தென்புறத்தே மனை வாங்கி வீடு கட்ட முற்பட்டது. கடைக்கால் தோண்டுவதற்கு முன்னர் வீட்டின் வரைபடத்தை நமக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார் அக்குடும்பத்துப் பெரியவர். பூசையறை எத்திசை நோக்கி அமைதல் நன்று என்பது போன்ற வினாவாக இருக்கும் என்றே நாம் எண்ணினோம். ஆனால் அவர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த இடம் வேறு. முதல் மாடியில், கூடத்துக்கும் உணவறைக்கும் இடையே உள்ள சுவரில், 8 அடி நீளத்துக்கு நீல வண்ணத்தில் ஒரு கட்டம் வரையப்பட்டிருந்தது. அதனருகே ‘கடல்மீன் தொட்டி’ என்று எழுதியிருந்தது. கூடத்தில் அமர்ந்தாலும் காணலாம். உணவறையில் அமர்ந்தாலும் காணலாம். மாடிப்படி, சாளரம், விளக்கு அனைத்தும் அத்தொட்டியைச் சுற்றியே திட்டமிடப்பட்டிருந்தன.

மகன் சில ஆண்டுகள் வெளிநாட்டில் பணியாற்றியவர். அங்கு நண்பர்களின் இல்லங்களில் இத்தகைய தொட்டிகளைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர். பெரியவரோ கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாத விரதமுடையவர். வரைபடத்தின் பின்புறம் அவர் எழுதியிருந்தது ஒரே வரிதான்: “இது நமக்கு ஆகுமா, ஆகாதா? பையன் மனம் நோகாமல் சொல்லுங்கள்.”

உடனே ‘ஆகாது’ என்று எழுதிவிடுதல் எளிது. ஆயினும் அறியாத ஒன்றை ஆகாது என்று சொன்னால் இக்காலப் பிள்ளைகள் அதனை ஏற்பதில்லை. ஏற்க வேண்டும் என்பதும் முறையன்று. ஆதலின் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரையும், இத்தகைய தொட்டிகளைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட இளைஞர் ஒருவரையும், கடல்வாழ் உயிரியல் பயின்ற அன்பர் ஒருவரையும் கண்டு வினவினோம். அவ்வாறு அறிந்தவற்றையே ஈண்டுத் தருகிறோம். நன்னீர் மீன்தொட்டி நம்மவர் கூடங்கள் சிலவற்றில் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டது. கடல்மீன் தொட்டி இனி வரும். வருமுன் ஆராய்தல் நலம்.

கட்டடம் தாங்குமா?

முதலில் எடையைப் பார்ப்போம். வரைபடத்தில் கண்ட தொட்டி 8 அடி நீளமும், இரண்டரை அடி அகலமும், இரண்டரை அடி உயரமும் உடையது. அதன் கொள்ளளவு 50 கன அடி; ஏறத்தாழ 1,415 லிட்டர். கடல்நீர் நன்னீரினும் சற்றுக் கனமானது. ஒரு லிட்டர் ஏறக்குறைய 1,025 கிராம் இருக்கும். ஆகவே நீர் மட்டுமே 1,450 கிலோ. அதனைத் தாங்கும் 19 மில்லிமீட்டர்க் கண்ணாடி 300 கிலோவுக்கு மேல். உள்ளே அடுக்கும் பாறை, மணல், அடியில் நிற்கும் சட்டம் எல்லாம் சேர 2 டன்னை எட்டிவிடும். இவ்வளவு பாரமும் இறங்கும் இடம் 20 சதுர அடி மட்டுமே. முப்பது பேர் அவ்விடத்தில் இரவும் பகலும் நகராது நிற்பதற்கு இது சமம்.

குடியிருப்பு அறைகளின் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ என்னும் கணக்கில் கட்டப்படுகிறது. ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரவிதியின் இரண்டாம் பகுதி கூறுவது இது. தொட்டியின் பாரமோ சதுர மீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டுகிறது. எனவே கட்டி முடித்த வீட்டின் மாடியில் இதனைக் கொண்டுபோய் வைப்பது பெரும்பிழை. தூணும் உத்திரமும் அதற்கென்றே கணக்கிடப்பட வேண்டும். இன்றேல் தொட்டி தரைத்தளத்தில், நேரே மண்மீது தாங்கிய தளத்தில் அமைய வேண்டும். ‘மேஸ்திரி பார்த்துக்கொள்வார்’ என்று விடத்தக்க செய்தி அன்று. நம் பெரியவர் வீட்டில் கீழ்த்தளம் முழுதும் வண்டி நிறுத்துமிடம். தொட்டியோ அதன் தலைக்கு மேலே! மகன் வரைபடம் வரைந்தவரிடம் எடையைச் சொல்லவே இல்லை என்பது நாம் கேட்டபின்னரே தெரிந்தது.

எடையினும் கொடியது உப்பு. பம்பு ஓடும்போது தெறிக்கும் நுண்துளிகள் உலர்ந்து, குழாய் மூட்டுகளிலும் சுவரிலும் வெள்ளையாய்ப் பூக்கும். தரையில் சிந்தும் உவர்நீர் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கி உள்ளிருக்கும் கம்பியை அடைந்தால் கம்பி துருவேறும். துருவானது தான் தோன்றிய இரும்பினும் மிகுதியான இடத்தைக் கொள்ளும்; ஆதலால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். கடற்கரை ஓரத்து வீடுகளில் இதனைக் கண்டிருப்பீர்கள். அக்கேட்டினை நாமே கூடத்துக்குள் அழைத்து வருகிறோம். எனவே தொட்டியின் பின்புறம் நான்கடி அகலத்தில் தனிப் பணியறை ஒன்று வேண்டும். அதன் தரைக்கு நீர்க்காப்புப் பூச்சு, ஓடு, வடிகாலை நோக்கிய சரிவு, கை கழுவும் தொட்டி, ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி ஆகியவை வேண்டும். குழாய்கள் அனைத்தும் பி.வி.சி. ஆக இருத்தல் வேண்டும். செம்பு எங்கும் கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் முதுகெலும்பற்ற கடலுயிர்கள் மாளும். தொட்டியின் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் இடையே இரண்டடியேனும் வெளி இல்லாவிடில் உள்ளே கைவிட்டுத் தூய்மை செய்தல் இயலாது. கண்ணாடிகளை இணைக்கும் சிலிகான் ஒட்டு என்றென்றைக்கும் நிற்பதன்று. சுவரை இடிக்காமல் தொட்டியை வெளியே எடுக்க வழியிருக்கிறதா என்பதை வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும். இதனைப் பலர் மறக்கின்றனர் என்றார் அந்தப் பராமரிப்பு இளைஞர்.

நீர் வைக்கும் இடம் ஈசானிய மூலையே என்று வற்புறுத்துவோர் உண்டு. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் மேற்கு வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் பாசி அடரும், நீர் சூடேறும். இது மட்டும் எந்த நூலைப் பார்த்தாலும் மாறாது.

இனி நீர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அடியில் உள்ள துணைத்தொட்டியையும் சேர்த்து 1,700 லிட்டர் என்று கொண்டால், தொடக்கத்தில் மட்டும் 60 கிலோ உப்பு வேண்டும். அது சமையல் உப்பு அன்று. மக்னீசியம், கால்சியம் முதலியன அளவோடு சேர்ந்த தனி உப்பு. கடற்கரையில் குடம் குடமாக மொண்டு வரலாமே எனின், நகரத்து ஓரக்கடல் நீரில் கழிவு கலக்கிறது. மழைக்காலத்தில் உவர்ப்பும் குறைகிறது. நாள்தோறும் 10 முதல் 15 லிட்டர் நீர் ஆவியாகும். உப்பு ஆவியாவதில்லை ஆகையால் அவ்வளவு நன்னீரை, அதுவும் ஆர்.ஓ. முறையில் தூய்மை செய்த நீரை, ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தூயநீர் பெற இரண்டு மூன்று லிட்டர் வீணாகும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய கோடையிலும் இத்தொட்டிக்கு விலக்கில்லை.

வெப்பமும் அவ்வாறே. பவளப்பாறை மீன்கள் 25 முதல் 27 பாகை வரையிலான வெம்மையில் நலமுடன் வாழும். சென்னையில் மே மாதத்துக் கூடம் எவ்வளவு காயும் என்பதை நாம் அறிவோம். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் உயிர்வளி குறையும். மீனுக்கோ அப்போதுதான் மிகுதியாக வேண்டும். எனவே நீரைக் குளிர்விக்கும் சில்லர் என்னும் பொறி தேவை. அது வெளியிடும் வெப்பத்துக்கு வழி தேவை. நீரைச் சுழற்றும் பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். மின்இணைப்புகள் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே அமைந்து, 30 மில்லி ஆம்பியர்க் கசிவுக்கே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருக்க வேண்டும். உப்புநீரும் மின்சாரமும் கூடும் இடத்தில் குழந்தைகள் நடமாடுகின்றனர் என்பதை நினைவிற் கொள்க.

மின்சாரம் நின்றால்? இவ்வினாவைத்தான் நாம் மகனிடம் இருமுறை கேட்டோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் விளக்கெரியவில்லை. பம்பு நின்றால் மீன்கள் நெருக்கமாயுள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறல் தொடங்கிவிடும். 40 வாட் பம்பு ஒன்றை 150 ஆம்பியர்-மணி மின்கலம் ஏறத்தாழ ஒரு நாள் ஓட்டும். அதற்குமேல் மின்னாக்கிப் பொறி வேண்டும். “அதெல்லாம் வாங்கிக்கொள்ளலாம்” என்றார் அவர். வாங்கலாம். வீட்டில் எவரும் இல்லாத நாளில் அதனை இயக்குபவர் யார்?

இன்னொன்று. தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடுதல் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும், அது நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதுமனை புகுவிழாவுக்கு வரும் உறவினர்க்குக் காட்ட வேண்டும் என்னும் ஆசையால், முதல் நாளே மீன்களை விட்டு, பந்தல் பிரிக்கும் முன்னரே அவை மிதக்கக் கண்ட வீடுகள் உண்டு என்று அந்த இளைஞர் சொன்னார். கடைக்காரர் அடுத்த வாரமே வேறு மீன் தருவாராம்.

அம்மீன்கள் வரும் வழி

நன்னீர் வண்ணமீன்களில் மிகப் பல பண்ணைகளில் வளர்பவை. கடல் வண்ணமீன்களில் மிகப் பல கடலிலேயே பிடிக்கப்படுபவை. இவ்வேறுபாட்டை வாங்குவோர் பெரும்பாலும் அறியார். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் சார்பில் 2003இல் வெளியான ஆய்வு, ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2.4 கோடி வரையிலான கடல்மீன்கள் தொட்டிகளுக்காக உலகில் விற்கப்பட்டன என்று மதிப்பிட்டது. அவை ஏறத்தாழ 1,470 இனங்களைச் சேர்ந்தவை. பிலிப்பைன்ஸ் கடற்பகுதியில் 1960களிலிருந்து சயனைடு நஞ்சைப் பவளப்பாறை இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கி வெளிவரும் மீன்களை அள்ளும் வழக்கம் பரவியது. பல மீன்கள் அங்கேயே இறந்தன; சில வழியில் இறந்தன; பாறையிலுள்ள பவள உயிர்களும் மடிந்தன. பிடிபட்டுத் தொட்டியை அடைந்தவற்றுள்ளும் பவள உயிர்களை மட்டுமே உண்ணும் சில வண்ணத்துப்பூச்சி மீன்கள் வேறுணவை ஏற்காமல் பட்டினியால் மெலியும்.

விலக்குகளும் உண்டு. கோமாளி மீன் என்னும் செம்மஞ்சள் நிற மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கிறார்கள். நம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதில் வெற்றி கண்டவை. குழந்தைகள் திரைப்படத்தில் கண்டு விரும்பும் நீல நிறப் புளூ டாங் மீனை அடைப்பில் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்தது 2016இல்தான், அமெரிக்காவின் புளோரிடாவில் முதன்முதலாகக் கைகூடியது. அதுவரை கடைக்கு வந்த ஒவ்வொரு புளூ டாங்கும் கடலிலிருந்து பிரிக்கப்பட்டதே. அது ஓரடி நீளம் வரை வளர்வது. பாறைவெளியில் நெடுந்தொலைவு திரிவது.

பவளத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆகமங்களில் பவளம் நிலவுயிர் வகையுள் எண்ணப்படுகிறது. மூலாசாரத்தின் பட்டியலிலும் அது உண்டு. ‘அப்படியாயின் ஓரறிவுயிர்தானே?’ என்று அம்மகன் நூல்வழியே வாதிட்டார். அவர் நூலைப் புரட்டியது கண்டு மகிழ்ந்தோம். ஆனால் பட்டியலில் மணிகளோடும் தாதுக்களோடும் வைத்து எண்ணப்படுவது கல்லாகிய பவளம். அக்கல்லைக் கட்டும் சிற்றுயிர்கள் கைகளை நீட்டி இரை பற்றுபவை. சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. பாறை கட்டும் பவளங்களும் கடல் குதிரைகளும் 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கடலிலிருந்து அவற்றை எடுத்தலும் விற்றலும் வாங்கலும் குற்றம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கணக்கிடப்பட்டன; சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததில் அவற்றுள் இரண்டு நீரில் மூழ்கின. ஒரு காலத்தில் வீட்டின் சுவருக்குச் சுண்ணாம்பாகப் போன பவளம் இன்று சுவருக்குள் அணியாகப் போக வேண்டுமா?

அவ்வுயிர்கள் உண்பது என்ன?

பெரியவரின் உள்ளத்தை உறுத்தியது இதுவே. ஊரில் இருந்த காலத்தில் குளத்து மீன்களுக்கு அவர் பொரி இறைத்தது உண்டு. கடல்மீன் தொட்டியில் அது நடவாது. இம்மீன்களில் பெரும்பாலானவை ஊனுண்ணிகள். உறைய வைத்த இறால், உப்புநீர்ச் சிற்றிறாலாகிய ஆர்ட்டீமியா, மீன்தூளால் செய்த குருணை ஆகியவையே நாளும் இருவேளை இடும் உணவு. பாசி தின்னும் சில இனங்களுக்குக் கடற்பாசித் தாள் கொடுக்கலாம். அவற்றுக்கும் அதுமட்டும் போதாதென்கின்றனர். தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீன் குற்றமற்றதன்றோ எனின், அதன் குஞ்சுகளுக்கு முதல் உணவாகப் பண்ணையில் இடப்படுவன ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர்களும், பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளும்தாம்.

இல்லறத்தானின் கொல்லாமை அணுவிரதத்தை வரையறுக்கும்போது சமந்தபத்திர ஆசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் மூன்றைச் சேர்த்துச் சொல்கிறார்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். அசையும் உயிர்களுக்கு மனமறிந்து இம்மூவழியாலும் ஊறு செய்யாமையே அவ்விரதம். வீடு கட்டுங்கால் மண்ணைத் தோண்டுகிறோம். புழு பூச்சிகள் மடிகின்றன. அது ஆரம்ப இம்சை. இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாதது. ஆனால் குளிர்ப்பெட்டியில் இறால் பொட்டலம் வாங்கி வைத்தல் அவ்வகையைச் சேராது. அது செய்வித்தலில் அடங்கும். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில், நாளைய தயிருக்குப் பக்கத்தில், அந்தப் பொட்டலம் இருக்கும். இதைச் சொன்னபோதுதான் அம்மகனின் துணைவியார் முதன்முறையாக வாய் திறந்தார்: “அதற்குத் தனிப்பெட்டி வாங்கலாம் என்று சொல்லிவிடாதீர்கள்.”

பயனின்றிச் செய்யும் தீமையை விலக்குதல் அநர்த்ததண்ட விரதம் எனப்படும் என்பதையும் இங்கு நினைக்கலாம். உணவுக்கோ, உறையுளுக்கோ, தொழிலுக்கோ இத்தொட்டி வேண்டுவதில்லை. கண்ணுக்கு இனிமை என்பது ஒன்றே. அவ்வினிமை பொய்யன்று, நாமும் ஒரு தொட்டியின் முன் கால்மணி நேரம் மெய்ம்மறந்து நின்றோம்.

கட்டுதல் என்னும் அதிசாரம்

கொல்லாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். நம் தமிழில் அருங்கலச்செப்பும் இல்லறத்தார் விரதங்களை விரித்துரைக்கும் நூலாகும். மாட்டையும் வண்டியையும் நோக்கிச் சொன்னவை என்று நாம் இவற்றைக் கடந்துவிடுகிறோம்.

கட்டுதலைப் பற்றிச் சிராவகாசார விளக்கங்களில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. கால்நடையைக் கட்ட நேர்ந்தால், தீப்பற்றிய காலத்தில் அது தானே அவிழ்த்துக்கொண்டு ஓடும்படி முடிச்சைத் தளர்வாகப் போட வேண்டும் என்பது அது. இதனை நாம் அக்குடும்பத்தாரிடம் படித்துக் காட்டினோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மாட்டுக்குத் தளர்ந்த முடிச்சு உண்டு. தொட்டி மீனுக்கு என்ன முடிச்சு? கண்ணாடி உடைந்தால் அது கூடத்துத் தரையில் விழும். மின்சாரம் நின்றால் நின்ற இடத்திலேயே மூச்சடங்கும். குடும்பம் திருத்தலப் பயணம் போனால் அது எங்கும் போகாது. நாம் மேலே சொன்ன மின்கலம், சில்லர், வடிகால், பணியறை ஆகிய அத்தனையும், அவிழ்க்கவே முடியாத கட்டினைச் சற்றே தளர்த்துவதற்காக மனிதர் செய்துகொள்ளும் ஏற்பாடுகள். கோமாளி மீன் அடைப்பில் இருபது ஆண்டுகளும் வாழக்கூடியது. இருபது ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் அந்த ஏற்பாடுகளை நடத்துவதற்கு அவ்வீட்டில் ஆள் இருக்க வேண்டும். பெரியவருக்கு அப்போது வயது 77, பேத்திக்கு 9.

நம் கருத்தைப் பின்வருமாறு எழுதி அனுப்பினோம்: ‘இத்தொட்டியை நாம் ஆதரிக்கவில்லை. எனினும் வீடு உங்களுடையது. அமைத்தே தீருவது என்று முடிவு செய்வீராயின் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள், பாதி அளவாக்குங்கள், கடலில் பிடித்த மீனை வாங்காதீர்கள்.’ மூன்று வாரம் கழித்துத் திருத்திய வரைபடம் வந்தது. சுவரில் நீலக்கட்டம் இல்லை. அவ்விடத்தில் 8 அடி அகலச் சாளரம் ஒன்று பின்புறத்து வேப்பமரத்தை நோக்கி அமைந்திருந்தது. அதற்காக உணவறையையே இடம் மாற்றியிருந்தார்கள்.

ஏற்கெனவே தொட்டி உடையோர்க்கு

நம் வாசகர்களுள் சிலர் இல்லங்களில் ஏற்கெனவே தொட்டி இருக்கலாம். இதனைப் படித்து மனம் நெகிழ்ந்து, மீன்களைக் கொண்டுபோய்க் கடலிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். உயிர்களை விடுவித்தல் நம் மரபில் பேரறம். ஆனால் அயல்கடல் மீனை நம் கடலில் விடுதல் மற்ற உயிர்களுக்குக் கேடாய் முடியும். இந்திய, பசிபிக் கடல்களுக்குரிய சிங்கமீன் 1985இல் புளோரிடாக் கரையோரம் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. பின்னர் அது அட்லாண்டிக் கரையோரத்திலும் கரீபியன் கடலிலும் பெருகி, அங்குள்ள சிறுமீன்களை அழித்துவருகிறது. இருக்கும் மீன்களை அவற்றின் ஆயுள் உள்ளவரை நன்கு பேணுங்கள்; இறந்தவற்றின் இடத்தைப் புதிதாக வாங்கி நிரப்பாதீர்கள். தொட்டியில் மேலும் மேலும் மீன்களைச் சேர்த்தல் மிகுபாரம் ஏற்றுதலே. தசலட்சண பருவத்தில் நாம் உபவாசம் இருக்கலாம். மீன்களையும் இருக்கச் செய்தல் ஆகாது. அது உணவு மறுத்தல் என்னும் அதிசாரம்.

அக்குடும்பத்துக்கும் இந்நிலை வந்தது. வீடு குடிபுகுந்த சில மாதங்களில், வெளிநாடு செல்லவிருந்த நண்பர் ஒருவர் தம் சிறுதொட்டியையும் அதிலிருந்த இரு கோமாளி மீன்களையும் யாரும் ஏற்காவிடில் கடையில் திருப்பிவிடப் போவதாகச் சொன்னார். மகன் கேட்டார், பெரியவர் மறுக்கவில்லை. 200 லிட்டர்த் தொட்டி, கீழ்த்தளத்தில் மாடிப்படியின் அருகே வைக்கப்பட்டது. குருணையை மகன் இடுவார். பெரியவர் அதைத் தொடுவதில்லை. ஆனால் நாள்தோறும் காலையில் வெப்பமானியைப் பார்த்துச் சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பது அவரே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அப்பகுதியில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மகன் வெளியூரில் இருந்தார். வெள்ளம் ஏறும் என்று அஞ்சி மருமகளும் பெரியவரும் நீரின் பெரும்பகுதியை இறைத்து, தொட்டியை இரண்டாம் படிக்குத் தூக்கி வைத்தனர். மின்கலம் அன்றிரவே தீர்ந்தது. அதன்பின் விடியும்வரையிலும், மறுநாளும், பெரியவர் படியில் அமர்ந்து, சொம்பால் தொட்டி நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊற்றும் நீரோடு காற்றும் கலக்கும் என்று அந்தப் பராமரிப்பு இளைஞர் சொல்லித் தந்தது அவருக்கு நினைவிருந்தது. இடையிடையே பேத்தி முறை மாற்றியிருக்கிறாள். மீன்கள் இரண்டும் பிழைத்தன.

பின்னர் நாம் அவரைக் கண்டபோது வலது தோள் இன்னும் வலிப்பதாகச் சொன்னார். “இரண்டு மீனுக்கு இந்தச் சொம்பு போதுமாக இருந்தது. அந்தப் பெரிய தொட்டியைக் கட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அன்று இரவு முழுதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார். குருணையைப் பற்றி அவருடைய வினா இன்னும் தீரவில்லை. அதற்கு நம்மிடமும் விடையில்லை. பாசியால் மட்டுமே செய்த உணவு கிடைக்குமா, அதனை அம்மீன்கள் ஏற்குமா என்று அம்மகன் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.